கணினி கேள்வி–பதில்: இனிட் மாறிய பிறகு எதை யார் எழுப்புவது?

இந்த மாதக் கடிதங்களில் பெரும்பாலானவற்றில் ஒரே தலைவலி. பழைய லினக்ஸ் ஓடிக்கொண்டிருந்த பெட்டிகளை ஒருவழியாகப் புதுப்பித்துவிட்டீர்கள், புதுப்பித்த மறுநாளிலிருந்து ஏதோ ஒரு சேவை (பின்னணியில் ஓடும் நிரல்) தானாக எழ மாட்டேன் என்கிறது. கணினி எழும்போது சேவைகளை எழுப்பும் முதல் நிரல்தான் ‘இனிட்’. புதிய பெட்டிகளில் அந்த இடத்தில் சிஸ்டம்டி உட்கார்ந்துவிட்டது, அதோடு பேசும் கட்டளை சிஸ்டம்சிடிஎல். ஆகவே போன் கேமரா, வாட்ஸ்அப் பேக்கப் கேள்விகளெல்லாம் அடுத்த இதழுக்கு. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் வழக்கம்போலத் தமிழ் எழுத்தில் அச்சிடுகிறோம், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, எங்கள் கோயில் அலுவலகத்தில் அர்ச்சனைச் சீட்டும் நன்கொடை ரசீதும் அடிக்க ஒரு சின்ன பைத்தான் நிரல் இருக்கிறது. சென்ட்ஓஎஸ் 6 இருந்தவரை ஒரு தொந்தரவும் இல்லை. இனிட்.டி அடைவில் ஒரு ஸ்கிரிப்ட், எஸ்99 என்று எண், எல்லாம் எழுந்த பிறகு கடைசியாக எழும். இப்போது புது டிஸ்க்கில் டெபியன் 12 போட்டு, அதே ஸ்கிரிப்டை நகலெடுத்து, ஆர்சி3.டி-யில் எஸ்99 இணைப்பையும் கையாலேயே போட்டுவிட்டோம். ஒருநாள் எழுகிறது, ஒருநாள் எழுவதில்லை. கையால் ஓட்டினால் உடனே ஓடுகிறது. ஆனால் சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் கேட்டால் ‘இன்ஆக்டிவ்’ என்கிறது, நிரலோ கண்ணெதிரே ரசீது அடித்துக்கொண்டிருக்கிறது. தைப்பூசக் கூட்டத்துக்குள் சரியாக வேண்டும்.
— சாட்ஸ்வர்த் வாசகர்

பதில்: கூட்டத்துக்குள் முடிந்துவிடும், அரைமணி நேர வேலைதான். ஆனால் இதில் இரண்டு சிக்கல்கள் பின்னிக் கிடக்கின்றன, முதலில் பிரித்துக்கொள்வோம்.

பழைய சிஸ்வி முறையில், அதாவது இனிட்.டி ஸ்கிரிப்ட் முறையில், கணினி எழும்போது ஸ்கிரிப்டுகள் எண் வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். எஸ்10 முடிந்தால்தான் எஸ்11. உங்கள் நிரலுக்குத் தரவுத்தளம் வேண்டும், நெட்வொர்க் வேண்டும் என்று நீங்கள் எங்கேயும் எழுதி வைக்கவில்லை, எழுத வேண்டிய அவசியமும் இருக்கவில்லை, ஏனென்றால் 99-வது ஆளாக நிற்பவருக்கு முன்னால் மற்ற எல்லாரும் வந்துவிட்டிருப்பார்கள். சிஸ்டம்டி அப்படி வேலை செய்வதில்லை. ‘இது அதற்காகக் காத்திருக்க வேண்டும்’ என்று சொல்லாதவரை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கிளப்பிவிடும். எஸ்99 என்ற எண் மற்றப் பழைய ஸ்கிரிப்டுகளுக்கு நடுவில் வேண்டுமானால் ஏதாவது பொருள் தரலாம், ஆனால் மரியாடிபி என்ற தரவுத்தளத்துக்கு இப்போது சொந்த யூனிட் கோப்பு (எதை எப்படி எழுப்புவது என்று சிஸ்டம்டி-க்குச் சொல்லும் கோப்பு) இருக்கிறது, அதற்கு எண்ணே கிடையாது. ஆகவே சில நாள் தரவுத்தளம் முந்திக்கொள்கிறது, சில நாள் உங்கள் நிரல் முந்திக்கொண்டு, கதவு திறக்காததைப் பார்த்துவிட்டுச் செத்துப்போகிறது. ‘ஒருநாள் எழுகிறது, ஒருநாள் இல்லை’ என்று யார் எழுதினாலும் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இரண்டாவது, ஓடிக்கொண்டிருந்தும் ‘இன்ஆக்டிவ்’ என்று காட்டுவது. டெபியனோடு வரும் இனிட்.டி ஸ்கிரிப்டுகளை நேரடியாக ஓட்டினாலும், அவை உள்ளே அழைக்கும் எல்எஸ்பி (லினக்ஸ் பொதுத் தரம்) நிரல்துண்டு வேலையை சிஸ்டம்சிடிஎல் கையில் ஒப்படைத்துவிடும். நீங்கள் கையால் எழுதிய ஸ்கிரிப்டில் அந்த அழைப்பு இல்லை. அதனால் கையால் ஓட்டும்போது நிரல் உங்கள் லாகினின் கீழ் பிறக்கிறது, சிஸ்டம்டி-க்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அப்புறம் யாராவது சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் கொடுத்தால் இரண்டாவது பிரதி எழப் பார்க்கும், நிரல் கேட்கும் வாசலான போர்ட் ஏற்கெனவே பிடிபட்டிருக்கும், அதுவும் விழும். இதற்கு நேர்மாறான பொய்யும் உண்டு. பழைய ஸ்கிரிப்டுக்காக சிஸ்டம்டி தானாகவே ஒரு தற்காலிக யூனிட்டை உருவாக்கிக்கொள்கிறது. ஸ்கிரிப்டின் தலைப்பில் பிஐடி கோப்பு (ஓடும் நிரலின் எண்ணை எழுதி வைக்கும் கோப்பு) குறிப்பிடப்படாவிட்டால், உள்ளே நிரல் எப்போதோ செத்திருந்தாலும் ‘ஆக்டிவ், எக்ஸிட்டட்’ என்று பச்சையில் காட்டிக்கொண்டே இருக்கும். பச்சையைப் பார்த்து நம்பிவிடாதீர்கள்.

எனவே ஸ்கிரிப்டைத் தட்டிக்கொட்டிச் சரிசெய்வதை விடுங்கள், சொந்தமாக ஒரு யூனிட் கோப்பு எழுதிவிடுங்கள். எட்சி, அதனுள் சிஸ்டம்டி, அதனுள் சிஸ்டம் என்ற அடைவில் ரசீது.சர்வீஸ் என்ற பெயரில் வைத்துக்கொள்ளலாம். மூன்று பகுதிதான்.

யூனிட் என்ற பகுதியில் ஒரு விளக்க வரி, அப்புறம் ‘வான்ட்ஸ்=மரியாடிபி.சர்வீஸ்’, ‘ஆஃப்டர்=மரியாடிபி.சர்வீஸ்’. இரண்டும் வேண்டும். வான்ட்ஸ் என்பது ‘அதையும் எழுப்பு’ என்று மட்டும் சொல்கிறது, எது முன்னால் என்று சொல்வதில்லை. ஆஃப்டர் வரிசையை மட்டும் சொல்கிறது, எழுப்பச் சொல்வதில்லை. ஒன்றை மட்டும் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று எழுதுகிறவர்கள்தான் அதிகம். ரிக்வயர்ஸ் என்று ஒன்று இருக்கிறதே, அதைப் போடட்டுமா என்று கேட்பீர்கள். போட்டால் தரவுத்தளத்தை நீங்கள் நிறுத்தும்போது ரசீது நிரலும் சேர்ந்து நிற்கும். கோயில் கவுண்டருக்கு அது வேண்டாம், வான்ட்ஸ் போதும்.

சர்வீஸ் பகுதியில் ‘டைப்=சிம்பிள்’, ‘யூசர்=’ என்று அந்த நிரலுக்கான பயனர் பெயர், ‘எக்ஸெக்ஸ்டார்ட்=’ என்று பைத்தானின் முழுப் பாதையும் நிரலின் முழுப் பாதையும். பழைய ஸ்கிரிப்டில் எஸ்யு போட்டுப் பயனரை மாற்றியிருப்பீர்கள், கடைசியில் ஆம்பர்சண்ட் குறி போட்டுப் பின்னணிக்குத் தள்ளியிருப்பீர்கள், வெளியீட்டை ஒரு லாக் கோப்புக்குத் திருப்பியிருப்பீர்கள். மூன்றையும் தூக்கிவிடுங்கள். எக்ஸெக்ஸ்டார்ட் வரியை எந்த ஷெல்லும் படிப்பதில்லை, ஆகவே அந்தக் குறிகளுக்கு அங்கே பொருளே இல்லை. நிரல் முன்னணியிலேயே ஓடட்டும், அது பேசுவதை சிஸ்டம்டி-யின் லாக் ஆன ஜர்னல் எழுதிக்கொள்ளும். அப்படியே ‘ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர்’, ‘ரீஸ்டார்ட்செக்=5’. பக்தர் பெயர் ரசீதில் கேள்விக்குறியாக வருகிறது என்றால் ‘என்விரான்மென்ட்=லாங்=சி.யுடிஎஃப்-8’ என்றும் ஒரு வரி சேருங்கள். கையால் ஓட்டும்போது உங்கள் லாகினிலிருந்து மொழியும் பாதைகளும் வந்துவிடுகின்றன, சேவையாக எழும்போது அவற்றை நாம்தான் கொடுக்க வேண்டும். ‘கையால் ஓட்டினால் ஓடுகிறது’ என்ற புகாருக்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

இன்ஸ்டால் பகுதியில் ‘வான்டட்பை=மல்டி-யூசர்.டார்கெட்’. பழைய ரன்லெவல் 3-க்கு (ஆர்சி3.டி ஸ்கிரிப்டுகள் ஓடும் நிலை) இணை இதுதான்.

இனி சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட், பிறகு சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ் ரசீது. அதற்கு முன் ஒரு வேலை: பழைய ஸ்கிரிப்டை இனிட்.டி-யிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிடுங்கள், ஆர்சி3.டி இணைப்பையும் அழித்துவிடுங்கள். பழைய ஸ்கிரிப்டும் புது யூனிட்டும் ஒரே பெயரில் இருந்தால் சிஸ்டம்டி யூனிட்டைத்தான் எடுத்துக்கொள்ளும். பெயர் வேறு வேறு என்றால் இரண்டையும் எழுப்பும், மறுபடி போர்ட் சண்டை.

நெட்வொர்க்குக்காகவும் காத்திருக்க வேண்டியிருந்தால், அதாவது தரவுத்தளம் வேறு பெட்டியில் இருந்தால், ‘ஆஃப்டர்=நெட்வொர்க்.டார்கெட்’ என்று போட்டு ஏமாறாதீர்கள். சமையல்காரர் வந்துவிட்டார் என்பதும் சோறு வெந்துவிட்டது என்பதும் ஒன்றா? நெட்வொர்க்.டார்கெட் சமையல்காரர் வந்த சேதியை மட்டும் சொல்லும். முகவரி கிடைத்து இணைப்பு தயாரான பிறகுதான் என்றால் நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட், அதற்கும் வான்ட்ஸ், ஆஃப்டர் இரண்டும் வேண்டும். மரியாடிபி-யைப் பொறுத்தவரை இந்தக் கவலை இல்லை, அது தயாரானதும் தானே சிஸ்டம்டி-க்குச் சேதி சொல்லிவிடும் வகை.

இன்னொன்று. ‘பழைய ஸ்கிரிப்டுகள் இப்போதைக்கு ஓடுகின்றன, ஓடட்டுமே’ என்று இருக்காதீர்கள். பழைய ஸ்கிரிப்டுகளுக்கான ஆதரவு கைவிடப்படுகிறது, பின்னால் முற்றாக நீக்கப்படும் என்று 2023-இல் வந்த சிஸ்டம்டி 254-லேயே அறிவித்துவிட்டார்கள். உங்கள் பெட்டியில் எத்தனை இப்படி ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று பார்க்க, சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-யூனிட்-ஃபைல்ஸ் --ஸ்டேட்=ஜெனரேட்டட் என்று தட்டுங்கள். அந்தப் பட்டியலில் நீங்கள் கையால் எழுதியவை எவையோ அவற்றுக்கு மட்டும் யூனிட் எழுதுங்கள். பொதியோடு (பேக்கேஜோடு) வந்தவற்றைத் தொடாதீர்கள், அது பொதி தயாரிப்பவர்கள் பாடு.

கேள்வி: வணக்கம். டியூஷன் சென்டரில் உபுண்டு பெட்டி ஒன்று இருக்கிறது, 14.04-லிருந்து புதுசுக்கு மாற்றிவிட்டார்கள். லோட் ஷெடிங் முடிந்து கரண்ட் வந்தால் முன்பெல்லாம் தானே எழுந்துவிடும். இப்போது சில நேரம் கறுப்புத் திரையில் ‘எமர்ஜென்சி மோட்’ என்று நிற்கிறது. பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள், நான் என்ன செய்வது என்று தெரியாமல் பிளக்கைப் பிடுங்கி மாட்டுகிறேன்.
— பீனிக்ஸ் ஆசிரியை

பதில்: டீச்சர், முதலில் பிளக்கைப் பிடுங்குவதை நிறுத்துங்கள், டிஸ்க் பாவம்.

‘சில நேரம்’ என்கிறீர்களே, அந்தச் சில நேரங்களில் பேக்கப் எடுக்கும் யுஎஸ்பி டிஸ்க் கழற்றப்பட்டிருக்கிறதா, அல்லது அதற்குத் தனி அடாப்டர் இருந்து அது அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். எட்சி-யில் எஃப்எஸ்டேப் என்ற கோப்பில் எந்தெந்த டிஸ்க்கை எங்கே இணைக்க வேண்டும் என்று வரி வரியாக இருக்கும். பழைய காலத்தில் அதில் ஒரு டிஸ்க் இல்லாவிட்டால் முணுமுணுத்துவிட்டு, அல்லது ஒரு விசையை அழுத்தச் சொல்லிவிட்டு மேலே போய்விடும். சிஸ்டம்டி அந்த வரியைக் கட்டாயம் என்று எடுத்துக்கொள்கிறது. 90 விநாடி காத்திருக்கும், டிஸ்க் வரவில்லையென்றால் ‘உள்ளூர் டிஸ்க்குகள் தயாரில்லை’ என்று முடிவுகட்டி எமர்ஜென்சி மோடுக்கு இறங்கிவிடும். சிஸ்டம்டி-க்கு மாறிய டெபியன் 8 வெளியானபோது அதன் வெளியீட்டுக் குறிப்பிலேயே இதைப் பற்றி எச்சரித்திருந்தார்கள், அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்.

மருந்து ஒரு சொல்தான். அந்த டிஸ்க்கின் வரியில் ‘டிஃபால்ட்ஸ்’ என்று இருக்கும் இடத்தில் காற்புள்ளி வைத்து ‘நோஃபெயில்’ என்று சேருங்கள். 90 விநாடி காத்திருப்பும் எரிச்சலாக இருந்தால் ‘எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட்=10எஸ்’ என்பதையும் சேர்க்கலாம். வரியின் தொடக்கத்தில் எஸ்டிபி1 மாதிரிப் பெயர் இருந்தால் அதை எடுத்துவிட்டு டிஸ்க்கின் அடையாள எண்ணான யுயுஐடி-யைப் போடுங்கள், யுஎஸ்பி டிஸ்க்குகளின் அந்தப் பெயர் எழும்தோறும் மாறக்கூடியது. இப்போதே மாட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் டிஸ்க்கை மாட்டிவிட்டு மறுபடி எழுப்பினாலே எழுந்துவிடும். இல்லையென்றால் ரூட் கடவுச்சொல் கொடுத்து உள்ளே போய் அந்த வரியைத் திருத்தலாம், உபுண்டுவில் ரூட் கணக்கு பூட்டியே இருக்கும் என்பதால் பலருக்கு லைவ் யுஎஸ்பி-யில் எழுப்பித்தான் திருத்த முடிகிறது.

நோஃபெயில் போட்டவுடன் வேறொரு பள்ளம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. டிஸ்க் இல்லாமலேயே பெட்டி எழுந்துவிடும் அல்லவா, அப்போது பேக்கப் ஸ்கிரிப்ட் அந்த வெற்று அடைவுக்குள்ளேயே, அதாவது உங்கள் உள் டிஸ்க்கிலேயே எழுதத் தொடங்கும். டிஸ்க் நிறையும்வரை யாருக்கும் தெரியாது. பேக்கப்பை யூனிட்டாக எழுதி, அதில் ‘ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்=’ என்று பேக்கப் அடைவின் பாதையைக் கொடுத்துவிடுங்கள், டிஸ்க் இணைந்தால்தான் அது ஓடும். கிரான் (நேரம் பார்த்து ஓட்டும் நிரல்) வழியாகத்தான் ஓட்டுவேன் என்றால் ஸ்கிரிப்டின் முதல் வரியில் மவுண்ட்பாயின்ட் கட்டளையால் சோதித்துவிட்டு உள்ளே போகச் சொல்லுங்கள்.

கேள்வி: டோங்காட் பக்கம் கரும்பு லாரி எடை மேடை. எடைக் கருவியிலிருந்து சீரியல் கேபிள் வழியாக எண்ணைப் படிக்கும் நிரல் இனிட்டேப் கோப்பில் ரெஸ்பான் என்று போட்டு ஓடியது. புதிய பெட்டியில் இனிட்டேபை எழுதினால் ஒன்றுமே நடக்கவில்லை. பையன் ஒருவன் யூனிட் எழுதிக் கொடுத்தான், அதுவும் கேபிள் கழன்றால் நின்றுவிடுகிறது, திரும்ப மாட்டினாலும் எழுவதில்லை. முன்பு எப்படியும் எழுந்துவிடும்.

பதில்: இனிட்டேப் பழைய இனிட்டின் அமைப்புக் கோப்பு, அதை சிஸ்டம்டி திரும்பிக்கூடப் பார்க்காது. அதில் ரெஸ்பான் (செத்தால் மறுபடி எழுப்பு) என்று எழுதியதெல்லாம் இப்போது ‘ரீஸ்டார்ட்=ஆல்வேஸ்’. பையன் அதைச் சரியாகத்தான் போட்டிருப்பான், வம்பு வேறிடத்தில்.

பழைய இனிட் ஒரு நிரல் அடிக்கடி செத்தால் ‘ரெஸ்பானிங் டூ ஃபாஸ்ட்’ என்று திட்டிவிட்டு 5 நிமிடம் ஓய்வெடுக்கும், அப்புறம் மறுபடி முயலும். எத்தனை தடவையானாலும் முயலும். உங்கள் ‘எப்படியும் எழுந்துவிடும்’ அதுதான். சிஸ்டம்டி-யின் இயல்பு வேறு. 10 விநாடிக்குள் 5 தடவைக்கு மேல் எழுப்ப வேண்டி வந்தால் கையைக் கழுவிவிடும், யாராவது வந்து சொல்லும்வரை தொடாது. அதோடு, செத்த நிரலை மறுபடி எழுப்ப அது காத்திருக்கும் நேரம் இயல்பில் வெறும் 100 மில்லிவிநாடி. கேபிள் கழன்ற நிரல் எழுந்த கணமே விழும், ஆக ஐந்து வாய்ப்பும் ஒரு விநாடிக்குள் தீர்ந்துபோகிறது, நீங்கள் கேபிள் கழன்றதைக் கவனிப்பதற்கு முன்பே.

சர்வீஸ் பகுதியில் ‘ரீஸ்டார்ட்செக்=10’ போடுங்கள், யூனிட் பகுதியில் ‘ஸ்டார்ட்லிமிட்இன்டர்வல்செக்=0’ போடுங்கள். முன்னது நிதானம் தரும், பின்னது ‘விட்டுவிடாதே’ என்று சொல்லும். எடை மேடைக்கு இது போதும், லாரி வரிசை காத்திருக்கும்போது இதற்குமேல் நேர்த்தி தேவையில்லை. யுஎஸ்பி வழியாக வரும் சீரியல் கேபிள் என்றால் அந்தக் கருவிக்கே ஒரு டிவைஸ் யூனிட் இருக்கும், அதை ‘பைன்ட்ஸ்டூ’, ‘ஆஃப்டர்’ இரண்டிலும் கொடுத்தால் கேபிள் போனதும் நிரல் ஒழுங்காக நிற்கும். ஆனால் கேபிள் திரும்ப வந்ததும் தானாக எழ, ‘வான்டட்பை’ வரியிலும் அந்த டிவைஸின் பெயர் இருக்க வேண்டும், இதை மறந்துவிடுவார்கள். அந்த வரியை மாற்றிய பிறகு மறுபடி எனேபிள் செய்யவும் வேண்டும். பையனிடம் காட்டுங்கள், புரிந்துகொள்வான்.

கேள்வி: பழையது நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது, யார் இதை மாற்றச் சொன்னது? உபுண்டு நம் நாட்டுக்காரர் ஆரம்பித்தது, அவர்கள் சொந்தமாக ஒன்று வைத்திருந்தார்களாமே, அதையும் ஏன் விட்டார்கள்? சிஸ்டம்டி கெட்டது என்று இணையம் முழுக்கத் திட்டுகிறார்கள், நான் சிஸ்டம்டி இல்லாத டெவுவானுக்குப் போகலாமா?
— பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாணவர்

பதில்: தம்பி, வைத்திருந்தார்கள், அப்ஸ்டார்ட் என்று பெயர். தென்னாப்பிரிக்காவின் வெல்கமில் பிறந்த மார்க் ஷட்டில்வொர்த் 2004-இல் உபுண்டுவைத் தொடங்கினார், 2006-இல் வந்த 6.10-லேயே அப்ஸ்டார்ட் உள்ளே வந்துவிட்டது. ஒன்றும் மட்டமான சரக்கு இல்லை, ரெட் ஹாட்கூட தன் 6-ஆம் பதிப்பில் அதைத்தான் போட்டது, குரோம்ஓஎஸ் இன்றைக்கும் அதை வைத்துத்தான் எழுகிறது. 2010-இல் லெனார்ட் பொட்டரிங்கும் கே சீவர்ஸும் சிஸ்டம்டி-யைக் கொண்டுவந்தார்கள், மறுவருடமே ஃபெடோரா 15 அதற்கு மாறியது.

டெபியனில்தான் பெரிய சண்டை. தொழில்நுட்பக் குழுவில் எட்டுப் பேர், நாலுக்கு நாலு என்று நின்று, 2014 பிப்ரவரியில் தலைவர் பிடேல் கார்பியின் முடிவு வாக்கால் சிஸ்டம்டி வென்றது. உபுண்டு டெபியனின் மேல் கட்டப்பட்டது. அடித்தளம் ஒரு வழி போக, மேலே இவர்கள் மட்டும் ஆயிரக்கணக்கான பொதிகளுக்குத் தனி எழுப்பும் கோப்புகள் எழுதிக்கொண்டிருக்க முடியுமா? சில நாட்களுக்குள் ஷட்டில்வொர்த்தும் நாங்களும் அதற்கே வருகிறோம் என்று அறிவித்துவிட்டார். 2015 ஏப்ரலில் ஒரே வாரத்தில் உபுண்டு 15.04-உம் டெபியன் 8-உம் சிஸ்டம்டி-யோடு வெளியாயின. அந்தத் தோல்வியை அவர் இழுத்தடிக்காமல் ஏற்றுக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது, அவர் மற்றச் சில விஷயங்களை அப்படி விட்டுக்கொடுக்கவில்லை என்பது வேறு கதை.

கெட்டதா என்றால், ஒன்றே எல்லாவற்றையும் விழுங்குகிறது என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. எழுப்புவது மட்டுமா, லாகை எழுதுவது, லாகினைக் கவனிப்பது, நேரம் சரிபார்ப்பது எல்லாம் ஒரே வீட்டுக்குள் வந்துவிட்டன. ஆனால் ஒரு சேவையின் குழந்தை, பேரக்குழந்தை நிரல்கள் அத்தனையையும் கர்னலின் சிகுரூப் (நிரல்களைக் குழுவாகக் கட்டும் வசதி) வழியாகக் கணக்கில் வைத்து, நிறுத்து என்றால் மிச்சமில்லாமல் நிறுத்துவதைப் பழைய ஸ்கிரிப்டுகள் ஒருநாளும் செய்ததில்லை. பிஐடி கோப்பில் இருக்கும் எண்ணை நம்பி, அது இதற்குள் வேறு நிரலின் எண்ணாக மாறியிருக்க, அதைக் கொன்ற கதைகள் ஏராளம்.

டெவுவான் நல்ல வேலைதான், 2014-இல் டெபியனிலிருந்து பிரிந்து 2017-இல் முதல் பதிப்பைத் தந்தார்கள், இன்றும் நடக்கிறது. டெபியனிலேயே இருந்துகொண்டு சிஸ்விஇனிட்-கோர் என்ற பொதியைப் போட்டும் பழைய முறையில் எழுப்பலாம். கற்றுக்கொள்ள ஒரு பழைய மடிக்கணினியில் போட்டுப் பாருங்கள், எழுவது எப்படி என்று ஒவ்வொரு ஸ்கிரிப்டையும் திறந்து படிக்கலாம், அந்த வகையில் அருமையான பள்ளிக்கூடம். வேலைக்குப் போகும் இடத்தில் சிஸ்டம்டி-தான் இருக்கும், அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் திட்டுவதைப் படிக்கிற நேரத்தில் ஒரு யூனிட் கோப்பை முழுதாகப் படித்துவிடலாம்.

கேள்வி: கடைப் பெட்டி எழ இரண்டு நிமிடம் ஆகிறது. சிஸ்டம்டி வேகமானது என்றார்களே? — லெனேசியா

பதில்: சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம் என்று தட்டினால் எது எவ்வளவு நேரம் எடுத்தது என்று பட்டியல் வரும். ஆனால் அதன் உச்சியில் இருப்பதுதான் குற்றவாளி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மற்றவற்றோடு ஒரே நேரத்தில் ஓடி, யாரையும் தாமதப்படுத்தாத ஒன்று 40 விநாடி எடுத்தாலும் நமக்கென்ன? சிஸ்டம்டி-அனலைஸ் கிரிட்டிக்கல்-செயின் என்று கேளுங்கள், யார் யாருக்காகக் காத்திருந்தார் என்று அது சொல்லும். நெட்வொர்க்மேனேஜர்-வெயிட்-ஆன்லைன் என்ற பெயர் அதில் வந்தால், ஏதோ ஒரு சேவை இணைப்பு வரும்வரை எல்லாரையும் பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். கடையில் ரூட்டர் கணினிக்குப் பிறகுதான் எழுகிறது என்றால் இது தினமும் நடக்கும். அந்தச் சேவைக்கு உண்மையிலேயே இணைப்பு வேண்டுமா என்று பார்த்து, வேண்டாம் என்றால் அதன் யூனிட்டை மாற்றுங்கள். பொதியோடு வந்த கோப்பில் கைவைக்காமல் சிஸ்டம்சிடிஎல் எடிட் என்று கொடுத்தால் மேலே ஒட்டுகிற மாதிரி தனிக் கோப்பு திறக்கும், அடுத்த அப்டேட்டில் உங்கள் திருத்தம் அழியாது. ஒன்று கவனம், ஆஃப்டர், வான்ட்ஸ் மாதிரி வரிகளை இந்த ஒட்டுக் கோப்பால் கூட்டத்தான் முடியும், நீக்க முடியாது. நீக்க வேண்டுமானால் சிஸ்டம்சிடிஎல் எடிட் --ஃபுல்.

கேள்வி: பிரிண்டரே இல்லாத பெட்டியில் கப்ஸ் என்ற அச்சுச் சேவை எதற்கு என்று டிஸேபிள் செய்தேன். இரண்டு நாளில் மறுபடி ஓடிக்கொண்டிருக்கிறது. பேயா?
— டர்பன்

பதில்: பேய் இல்லை, சாக்கெட். கப்ஸ்.சர்வீஸ் தூங்கினாலும் கப்ஸ்.சாக்கெட்டும் கப்ஸ்.பாத்தும் விழித்திருந்து, யாராவது அச்சுக்குக் கதவைத் தட்டியதும் அதை எழுப்பிவிடும். மூன்றையும் சேர்த்து டிஸேபிள் --நவ் கொடுங்கள். டிஸேபிள் என்பது கணினி எழும்போது தானாக எழாதே என்பது மட்டும்தான், இன்னொன்று கூப்பிட்டால் எழும். யார் கூப்பிட்டாலும் எழக்கூடாது என்றால் மாஸ்க். அதை யோசித்துப் போடுங்கள், ஆறு மாதம் கழித்துப் பிரிண்டர் வாங்கிவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று எனக்கே கடிதம் வரும்.

கேள்வி: கரண்ட் போய் வந்த பிறகு, போவதற்கு முன்னால் என்ன நடந்தது என்று பார்க்க லாகே இல்லை. வார்-லாக் அடைவில் பழைய சிஸ்லாக் கோப்பும் காணோம். — வெருலம்

பதில்: டெபியன் 12-இலிருந்து ஆர்சிஸ்லாக் (சிஸ்லாக் கோப்பை எழுதும் நிரல்) இயல்பாக நிறுவப்படுவதில்லை, எல்லாம் ஜர்னலில். அந்த ஜர்னல் வார்-லாக்கின் கீழ் ஜர்னல் என்ற அடைவு இருந்தால் டிஸ்க்கில் எழுதும், இல்லாவிட்டால் நினைவகத்தில் வைத்துக்கொண்டு கரண்டோடு போய்விடும். உங்கள் பெட்டியில் அந்த அடைவு இல்லை என்று நினைக்கிறேன், எம்கேடிர் கொடுத்து உருவாக்கி, சிஸ்டம்டி-ஜர்னல்டி சேவையை ஒருதடவை ரீஸ்டார்ட் செய்து, ஜர்னல்சிடிஎல் --ஃப்ளஷ் கொடுங்கள். அடுத்த மின்வெட்டுக்குப் பிறகு ஜர்னல்சிடிஎல் -பி -1 என்றால் போனமுறை எழுந்ததிலிருந்து விழுந்தது வரைக்கும் வரும், யு என்ற விருப்பத்தோடு சேவையின் பெயரையும் சேர்த்தால் அது சொன்னது மட்டும். கடைசிச் சில விநாடிகள் மட்டும் விட்டுப்போயிருக்கலாம், டிஸ்க்கில் எழுதுவதற்கு முன்பே கரண்ட் போயிருக்கும். தேதி வருடக்கணக்கில் பின்தங்கிக் காட்டினால் மதர்போர்டு பேட்டரி தீர்ந்துவிட்டது, சிஆர்2032 என்று கேட்டால் எந்தக் கடையிலும் கொடுப்பார்கள்.